யோம் மேஸ்திரியின் பூஜ்யம்

கோஜே தீவு
9 ஏப்ரல் 1995

அன்புள்ள அண்ணாவுக்கு,

யோன்சிம் எழுதுகிறேன். இங்கே செர்ரி பூத்துக் கொட்டியும் விட்டது. கப்பல் கட்டும் யார்டு வாசல் மரத்தில் மட்டும் பூ வெள்ளையாக இல்லை, இரும்புத் தூசி படிந்து சாம்பல் நிறம். நான் சுகம். உங்கள் முதுகு வலி எந்த மட்டில் இருக்கிறது? இடுப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டுதான் கப்பல் பம்ப் அறையில் இறங்குகிறீர்களா?

நல்ல சேதி. தலைக்கு மேல் வெல்டிங் பரீட்சையில் தேறிவிட்டேன். தரையில் பற்றவைப்பது ஒரு ரகம், அண்ணாந்து பார்த்துக்கொண்டு கூரையில் பற்றவைப்பது வேறு ரகம். உருகிய இரும்பு சொட்டாமல் மேலேயே ஒட்டிக்கொள்ள வேண்டும். சொட்டினால் காலருக்குள்தான் போகும். என் கழுத்தைப் பார்த்தால் அம்மை போட்டவள் என்பீர்கள்.

தேறிய கையோடு யோம் மான்சு மேஸ்திரியின் குழுவில் போட்டார்கள். இப்போது கட்டுவது இரட்டைச் சுவர் எண்ணெய்க் கப்பல். கப்பலுக்குள் ஒரு கப்பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சுவர் கடலுக்கு, உள்சுவர் எண்ணெய்க்கு. நடுவே இருட்டான அறைகள், அறைக்கு அறை போக ஒரு ஓட்டை. உள்சுவரை யோம் மேஸ்திரி எண்ணெய்த் தொட்டியில் நின்று மேலிருந்து பற்றவைப்பார். நான் அடியில் இருட்டறைக்குள் ஊர்ந்து போய், இரண்டு தகடு சேரும் இடைவெளிக்குக் கீழே பீங்கான் பட்டையை ஒட்டி வைப்பேன். உருகிய இரும்பு அதன்மேல் உட்கார்ந்து ஆறும். ஆறிய பிறகு பட்டையை உரித்தால், மேலே போட்ட வெல்டு அடியிலும் வழவழவென்று வந்திருக்க வேண்டும். யோம் மேஸ்திரி போட்டதை உரிக்கும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் வாய் பிளக்கிறது. மெஷின் போட்டால்கூட அப்படி வராது.

அவர் கண்ணால் பார்ப்பதைவிடக் காதால்தான் அதிகம் பார்க்கிறார். வெல்டிங் சத்தம் மாவு அடை எண்ணெயில் பொரிகிற மாதிரி ஒரே சீராக இருக்க வேண்டுமாம். நான் பற்றவைக்கும்போது முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பார். "அடை கருகுது"ன்னு ஒரு குரல் வரும். பார்த்தால் நிஜமாகவே கம்பி தகட்டுக்கு ரொம்பக் கிட்டே போயிருக்கும்.

ஆள் பெரிய உடம்பு. போன வாரம் ஓட்டையில் பாதி வந்து மாட்டிக்கொண்டார்.

"இந்த ஓட்டைய வரைஞ்சவன் சோறே திங்க மாட்டான் போல."

"நீங்க கொஞ்சம் கம்மியா திங்கலாம்ல மேஸ்திரி?"

"பன்னிக் கறி தின்னாத்தாம்மா தொண்டையில இருக்கிற தூசி இறங்கும். இழு!"

யார்டில் ஒரு பலகை உண்டு. யார் யார் போட்ட வெல்டை எத்தனை தடவை திரும்பச் செய்ய வேண்டி வந்தது என்று அதில் எழுதுவார்கள். யோம் மேஸ்திரி பெயருக்கு நேரே பதினோரு வருடமாகப் பூஜ்யம். சாப்பிடப் போகும்போது எல்லாரும் ஒரு தடவை அதைப் பார்த்துவிட்டுத்தான் போவோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். காரக் குழம்பைக் குறையுங்கள்.

உங்கள் தங்கை
யோன்சிம்

*

ஜுபைல் துறைமுகத்துக்கு வெளியே
6 மே 1995

தங்கை யோன்சிம்முக்கு,

முதுகு இருக்கிற இடத்தில் இருக்கிறது, வலியும் கூடவே இருக்கிறது. மற்றபடி நலம். நங்கூரம் போட்டு நான்கு நாள். இரும்பில் முட்டையை உடைத்து ஊற்றினால் வெந்துவிடும், அப்படி வெயில்.

பரீட்சையில் தேறியதற்கு நான் இங்கே பம்ப் அறை ஆட்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்தேன். "தங்கச்சி டாக்டரா?" என்று கேட்டார்கள். "கப்பலுக்கு டாக்டர்"னு சொல்லி வைத்தேன்.

உன் இரட்டைச் சுவர் சமாசாரம் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. இருபது வருடமாக நான் வேலை பார்க்கிற கப்பல்களில் எண்ணெய்க்கும் கடலுக்கும் நடுவே ஒரே ஒரு தகடுதான், என் கட்டைவிரல் பருமன். குளிர் காலத்தில் ஒரே சட்டையோடு திரிகிறவன் மாதிரி. இப்போதுதான் இன்னொரு சட்டை போட வேண்டும் என்று உலகத்துக்குத் தோன்றியிருக்கிறது.

அது கிடக்கட்டும். அண்ணனுக்கு எழுதிய கடிதத்தில் "யோம்" என்ற பெயர் நான்கு தடவை, உன் பெயர் இரண்டே தடவை. முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்கிற ஆளை இவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறாய். உன் வீட்டுக்காரர் தவறிப் போய் ஆறு வருடம் ஆகிறது. நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். அவருக்குக் குடும்பம் உண்டா?

அன்புடன்
அண்ணன் சுங்மான்

*

கோஜே தீவு
9 ஜூலை 1995

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகமாக இருக்கிறேன். மழைக்காலம் வந்துவிட்டது, போட்ட காலுறை மறுநாளும் காய்வதில்லை. நீங்கள் நலமாக ஊர்த் திசைக்குத் திரும்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

யார்டில் புகைதான் அண்ணா, நெருப்பெல்லாம் தொழிலோடு சரி. கேட்டதற்குப் பதில்: அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை, வயது நாற்பத்திரண்டு. யார்டைக் கட்டிக்கொண்டவர் என்று எல்லாரும் கேலி பண்ணுவார்கள். போதுமா?

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். கடல் நடுவே இருக்கிறவர், யாரிடம் போய்ச் சொல்லப் போகிறீர்கள்?

போன வாரம் நான்காம் தொட்டிக்கு அடியில் பட்டையை உரித்தேன். யோம் மேஸ்திரி முந்தின நாள் மாலை போட்டது. ஒரு மூலையில், ஒரு சாண் நீளத்துக்கு, வெல்டு அடிவரை வரவே இல்லை. இரண்டு தகட்டின் விளிம்பும் அப்படியே தெரிந்தது. என் கண்ணையே நம்ப முடியவில்லை. யானைக்கும் அடி சறுக்கும்தான், ஆனால் இந்த யானைக்கா?

பிழை என்று எழுதிக் கொடுத்தால் பலகையில் அவர் பூஜ்யம் போய்விடும். இதுவோ ஒரே ஒரு சாண். முறைப்படி அந்த இடத்தைக் கார்பன் கம்பியால் குடைந்து எடுத்துவிட்டுத்தான் திரும்பப் பற்றவைக்க வேண்டும். குடைந்தால் துப்பாக்கி சுடுகிற சத்தம், யார்டுக்கே கேட்கும். அதனால் குடையவில்லை. அடியிலிருந்து, தலைக்கு மேல், அதன்மீதே அழகாக ஒரு வெல்டு வரி போட்டு மூடிவிட்டேன். நான் இதுவரை போட்டதிலேயே நல்ல வரி அதுதான். எக்ஸ்ரே அந்த இடத்தில் எடுக்கவில்லை. சோப்புத் தண்ணீர் பரிசோதனையிலும் குமிழி வரவில்லை. ஆய்வாளர் விளக்கடித்துப் பார்த்து, "யோம் கைன்னா கைதான்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது.

பெருமையாக இருக்கிறது அண்ணா. அவருக்குத் தெரியாமலே அவருக்கு ஒன்று செய்திருக்கிறேன்.

மழையில் தளத்தில் வழுக்கும், கவனம்.

யோன்சிம்

*

சிங்கப்பூர்
8 ஆகஸ்ட் 1995

தங்கை யோன்சிம்முக்கு,

நலம். முதுகுகூட இன்று நலம், ஏனென்றால் சேதி அப்படி.

கம்பெனி என்னைப் புதுக் கப்பலில் போடுகிறது. எது தெரியுமா? உங்கள் யார்டின் 1107-ஆம் எண் கப்பல்! நீ ஊர்ந்து ஊர்ந்து பட்டை ஒட்டுகிறாயே, அதேதான். டிசம்பரில் ஏற வேண்டும். தலைமைப் பம்ப்மேன் நான். கேட்டதும் உன்னைத்தான் நினைத்தேன். நான்காம் தொட்டிக்கு அடியில் ஊர்ந்து போய்ப் பார்ப்பதும் இனி என் வேலைதான். அந்த அழகான வரியைத் தடவிப் பார்த்து, "இது என் தங்கச்சி போட்டது"ன்னு எல்லாரிடமும் காட்டுவேன்.

நீ மேஸ்திரிக்குச் செய்தது நல்ல காரியம். மனுஷனுக்கு மனுஷன் அப்படித்தான் இருக்க வேண்டும். குடைவது, மூடுவது எல்லாம் எனக்குப் புரியவில்லை, பம்ப் என்றால் சொல்வேன்.

எப்போது கப்பல் தண்ணீரில் இறங்குகிறது? உடனே எழுது.

சுங்மான்

*

உல்சான்
5 செப்டம்பர் 1995

யோன்சிம்முக்கு,

சுகமா? அறுவடைத் திருநாள் சனிக்கிழமை வருகிறது. அப்பா அம்மா கல்லறைப் புல்லை நீதான் வெட்ட வேண்டும், எனக்கு இந்தத் தடவையும் இறங்க அனுமதி இல்லை.

என் கடிதம் வந்ததா? ஏன் பதில் இல்லை? கையில் நெருப்புப் பட்டதா, கண்ணில் பட்டதா? வேறொருவரை விட்டாவது இரண்டு வரி எழுது. அந்த மேஸ்திரியிடமாவது சொல்லு.

கவலையுடன்
அண்ணன்

*

கோஜே தீவு
24 செப்டம்பர் 1995

அன்புள்ள அண்ணாவுக்கு,

கல்லறைப் புல்லை வெட்டிவிட்டேன். அரிசிக் கொழுக்கட்டையும் அரிசிக் கள்ளும் வைத்துக் கும்பிட்டேன். எனக்குக் கண்ணும் கையும் நன்றாக இருக்கின்றன. மனசுதான் நன்றாக இல்லை. உங்கள் சிங்கப்பூர்க் கடிதம் வந்த நாளிலிருந்து நான் தூங்கவில்லை.

அந்த வரி அழகாக இருக்கிறதே தவிர, அதற்குள்ளே ஓட்டையை வைத்துத்தான் மூடியிருக்கிறேன். குடையாமல் மூடினால், உள்ளே சேராத விளிம்பு சேராமலே இருக்கும். அலை அடிக்க அடிக்க அங்கேயிருந்து விரியும். ஒரு வருடமோ, ஐந்து வருடமோ. விரிந்தால் எண்ணெய் அந்த இருட்டறைக்குள் இறங்கும். ஒரு பொறி பட்டாலே வெடிக்கிற அதன் ஆவி நிறைந்த அறைக்குள் டார்ச்சோடு இறங்கப் போகிறவர் யார்? தலைமைப் பம்ப்மேன். இதற்குமேல் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டில் மேஸ்திரிக்கு எதிரே போய் உட்கார்ந்தேன்.

"மேஸ்திரி, நாலாம் தொட்டிக்கு அடியில, வலது மூலையில, நீங்க போட்டது அடிவரைக்கும் வரல. நான் மூடிட்டேன்."

கரண்டியைக் கீழே வைத்தார். "எப்ப?"

"ஜூலையில."

"குடைஞ்சியா?"

"இல்ல."

"ஏன்?"

"சத்தம் கேட்டா எல்லாருக்கும் தெரிஞ்சுடும். உங்க பூஜ்யம் போயிடும்னு..."

அவர் முகம் சிவந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். "என் பூஜ்யத்தையா அந்தத் தொட்டியில ஊத்தி அனுப்பப் போறாங்க? எண்ணெயத்தானேம்மா ஊத்தப் போறாங்க!"

பாதிச் சாப்பாட்டில் எழுந்து நேரே ஆய்வாளர் அறைக்குப் போனார். சாயங்காலத்துக்குள் முழு யார்டுக்கும் தெரிந்துவிட்டது. கப்பல் மறுநாள் மிதக்க வேண்டியது, நிறுத்தினார்கள். பூசிய பெயிண்டைச் சுரண்டினோம். வேறு ஆளை அனுப்புகிறோம் என்றார்கள், அவர் கேட்கவில்லை. மேல்சட்டையைக் கழற்றி, தோளில் சோப்பைப் பூசிக்கொண்டு அந்த ஓட்டைக்குள் நுழைந்தார். விலாவில் தோல் உரிந்தது. மல்லாந்து படுத்துக்கொண்டு அவரே குடைந்தார், நான் விளக்குப் பிடித்தேன். கறுப்பாக ஒரு கோடு வந்தது. நான் ஒரு சாண் என்று நினைத்தது ஒரு கை நீளம் இருந்தது அண்ணா. மற்றதை இரும்பே மறைத்து வைத்திருந்தது.

பிறகு அவரே பற்றவைத்தார். நெஞ்சின்மேல் பொறி கொட்டிக்கொண்டே இருந்தது, சத்தம் மட்டும் ஒரே சீர். அந்த நேரத்திலும் எனக்கு அவர்மேல் வியப்புதான் வந்தது. வெட்கமாகவும் இருந்தது.

வெளியே வந்து, பலகையில் பூஜ்யத்தைத் தன் கையாலேயே அழித்துவிட்டு ஒன்று என்று எழுதினார். கப்பல் மூன்று நாள் தாமதம். என் சான்றிதழை மூன்று மாதத்துக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இப்போது கிரைண்டர் பிடிக்கிறேன். அவர் என்னோடு பேசுவதில்லை.

நீங்கள் அந்தக் கப்பலில் ஏற வேண்டாம் என்று நினைத்தால் எழுதுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

யோன்சிம்

*

ஜுபைல்
19 அக்டோபர் 1995

யோன்சிம்முக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன்.

உன் கடிதத்தை இரண்டு நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். முதலில் கோபம் வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறேன், நீ எண்ணெய்க் கப்பலில் மறைத்திருக்கிறாய். நானும் ஒரு முட்டாள், புரியாமலே "நல்ல காரியம்" என்று எழுதினேன். ஒரு கப்பலில் இருபத்தாறு பேர் இருக்கிறோம். எங்கள் சமையல்காரனுக்குப் போன மாதம்தான் இரட்டைக் குழந்தை பிறந்தது.

ஏறுவேன். அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் ஒன்றுக்குப் பதில் சொல். அண்ணன் ஏறப் போகிறான் என்றதும் சொன்னாய். வேறு யாரோ ஒரு பம்ப்மேன், பெயர் தெரியாதவன், ஏறுவதாக இருந்தால் சொல்லியிருப்பாயா?

யோசித்து எழுது. எனக்குப் பிடித்த மாதிரி எழுதாதே.

அண்ணன்

*

கோஜே தீவு
12 நவம்பர் 1995

அன்புள்ள அண்ணாவுக்கு,

குளிர் வந்துவிட்டது. குளிர்காலத்துக்குக் கிம்ச்சி போட்டு முடித்தேன், உங்களுக்கு ஒரு ஜாடி தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். உடம்பு நலம்.

சொல்லியிருக்க மாட்டேன்.

பத்து நாள் யோசித்தேன். வேறு பதில் வரவில்லை. ஜூலையிலிருந்து ஆகஸ்ட் வரை நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன், தூங்கினேன், பெருமையும் பட்டேன். அந்த வேறொரு பம்ப்மேன் என் மனசிலேயே இல்லை. இதை எழுதக் கூசுகிறது, ஆனால் உண்மை அதுதான்.

நீங்கள் கேட்டதை மேஸ்திரியிடம் சொன்னேன். என் பதிலையும் சொன்னேன். ஐம்பது நாளாகப் பேசாதவர், கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு பேசினார்.

"அன்னைக்கு அந்த மூலையில சத்தம் மாறுச்சும்மா. என் காதுல விழுந்துச்சு. நான் போட்டது, எங்க தப்பாப் போகுதுன்னு நகந்துட்டேன். திரும்பிப் பாத்திருந்தா நானே வாயத் திறந்திருப்பேனா? எனக்கும் தெரியல."

அப்படிச் சொல்ல அந்த ஆளால்தான் முடியும். அன்று மதியம் குழுவோடு கறி சாப்பிட என்னையும் கூப்பிட்டார்.

கிரைண்டர் பிடிக்கும்போதுகூட இப்போதெல்லாம் அந்தப் பெயர் தெரியாத பம்ப்மேனை நினைத்துக்கொள்கிறேன். அவருக்கு ஒரு முதுகு வலியும் கொடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் மறுபரீட்சை. பிழை வந்தால் எழுதிக் கொடுப்பேன், யார் போட்டதாக இருந்தாலும்.

உங்கள் தங்கை
யோன்சிம்

*

கோஜே தீவு
28 டிசம்பர் 1995

மதிப்பிற்குரிய ஓக் சுங்மான் அவர்களுக்கு,

யோம் மான்சு வணக்கத்துடன் எழுதுவது. கடல் அமைதியாக இருக்கும் என்றும், தங்கள் முதுகு தேவலை என்றும் நம்புகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, வரி கோணலாக வரும். வெல்டு என்றால் அழித்துவிட்டுத் திரும்பப் போடலாம், காகிதம் கிழிகிறது. இது மூன்றாவது தாள்.

கப்பல் புறப்பட்ட அன்று தாங்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கினீர்கள். நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. திமிர் என்று நினைத்திருப்பீர்கள். வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

தங்கள் தங்கை தேறிவிட்டார். சோதனைத் தகட்டை வளைத்துப் பார்த்தார்கள், ஒரு கீறல் இல்லை. இருபது பேர் எழுதியதில் அதுதான் முதல். அவர் பற்றவைக்கும்போது நான் திரும்பி நின்று கேட்கிறேன். முன்பு குறை கண்டுபிடிக்கக் கேட்டேன், இப்போது கேட்க நன்றாக இருக்கிறது, அதனால் கேட்கிறேன். அதைவிடப் பெரியது, எல்லாரும் பார்க்க என் எதிரே வந்து உட்கார்ந்து சொன்னாரே, அது. இத்தனை வருடத்தில் யார்டில் எவரும் என்னிடம் என் பிழையைச் சொன்னதில்லை. சொல்ல முடியாதபடி நான் உயரத்தில் போய் உட்கார்ந்திருந்தேன்.

பிழை என்னுடையது. அவர் மூடினார், ஆனால் போட்டவன் நான். அந்தத் தகட்டுக்கு மேலே உயிரை வைத்துக்கொண்டு போகிறவர் நீங்கள். ஆகவே தங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

இன்னொரு விஷயம் உண்டு. அதை அவரிடம் கேட்க வாயெடுத்தேன். அவர் முழுதும் கேட்கவே விடவில்லை. "மொதல்ல எங்கண்ணன்கிட்ட மன்னிப்பு வாங்கிட்டு வாங்க, அப்புறம் கேளுங்க" என்றார்.

பதிலுக்குக் காத்திருக்கும்
யோம் மான்சு

*

யோசு துறைமுகம்
14 பிப்ரவரி 1996

மதிப்பிற்குரிய யோம் மேஸ்திரிக்கு,

நலம். உங்கள் கடிதம் ஜனவரியிலேயே ஜுபைலில் கைக்கு வந்துவிட்டது. வேண்டுமென்றேதான் பதில் போடவில்லை. எண்ணெய் ஏற்றாத வெறும் கப்பலில் உட்கார்ந்துகொண்டு மன்னிப்பது சுலபம். அது எனக்குச் சரியாகப் படவில்லை.

முழுச் சரக்கு ஏற்றினோம். தைவானுக்குத் தெற்கே இரண்டு நாள் கடல் எங்களைப் புரட்டி எடுத்தது. என்னோடு இந்தக் கப்பலுக்கு மாறி வந்த சமையல்காரன் சட்டியோடு சேர்ந்து உருண்டான். காற்று அடங்கியதும், வாயு இருக்கிறதா என்று கருவியை இறக்கிப் பார்த்துவிட்டு, நான்காம் தொட்டிக்கு அடியில் நானே இறங்கினேன். வலது மூலைக்குப் போய் கையுறையைக் கழற்றித் தடவினேன். காய்ந்திருந்தது. விரலை முகர்ந்து பார்த்தேன், பெயிண்ட் வாசனைதான். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பயம் விட்ட பிறகுதான், இத்தனை நாளாக எனக்குப் பயம் இருந்ததே தெரிந்தது. அதை என் தங்கைக்கு நான் எழுதவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம்.

இன்று காலை எண்ணெய் முழுதும் இறக்கி முடித்தோம். இருபத்தாறு பேரும் இறங்கிவிட்டோம். சமையல்காரன்தான் முதலில் ஓடினான்.

மன்னித்தேன், மேஸ்திரி. உங்களையும், அவளையும்.

சந்திரப் புத்தாண்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கோஜே வருகிறேன். அதற்குள் போய் அந்த இன்னொரு விஷயத்தைக் கேட்டுவிடுங்கள். அவள் என்ன சொல்வாள் என்பது அவளுடைய ஏப்ரல் மாதக் கடிதத்திலிருந்தே எனக்குத் தெரியும். ஆனாலும் நான் சொல்ல மாட்டேன். இந்தத் தடவை யாரும் அவளுக்காக எதையும் மூடவும் வேண்டாம், திறக்கவும் வேண்டாம். அவளே சொல்லட்டும்.

ஓக் சுங்மான்